கோவிலுக்குப் போகாமலே பூசை காண ஓர் எளிய கையேடு

இந்தக் கையேடு கால் ஒடிந்து கட்டிலில் கிடப்பவர்களுக்கும், பச்சை உடம்புக்காரிகளுக்கும், கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் பூசைக்கு எழுந்திருக்க மனம் வராதவர்களுக்கும் பயன்படும். முதல் மூன்று வகையினர் இதைப் படிக்காமலே சமாளித்துக்கொள்வார்கள். எழுதியது நாலாவது வகையினரை மனத்தில் வைத்துத்தான்.

புதுச்சேரி உப்பளத்துக்காரர்களுக்கு இந்தக் கலை கொஞ்சம் கடினம். சாக்குச் சொல்ல வசதியில்லாத இடத்தில் குடியிருக்கிறோம். ரயிலடிப் பக்கம் போனால் இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1907-ல் முதல் பூசை நடந்த கோவில், 2011-ல் பசிலிக்கா என்ற பட்டம் வாங்கியது. கடற்கரைப் பக்கம் போனால் துய்மா வீதியில் கப்ஸ் கோவில். மிஷன் வீதிக்குப் போனால் சம்பா கோவில். 'தூரம்' என்று சாமியாரிடம் சொல்ல முடியாது. அவர் சைக்கிளிலேயே வந்து விசாரித்துவிட்டுப் போவார். ஆகவே இங்கே ஒருவர் கோவிலை விட்டு விலகியிருக்க வேண்டுமானால் நோய் வர வேண்டும், புயல் வர வேண்டும், அல்லது அரசாங்கமே பூட்டுப் போட வேண்டும். மூன்றும் வந்து பார்த்தாயிற்று.

அரசாங்கம் பூட்டியது 2020-ல். மார்ச் 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு, 25-ந் தேதி முதல் நாடு முழுக்க ஊரடங்கு. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 பாஸ்கா. தவக்காலம் முழுக்கச் சிலுவைப்பாதை நடந்து சேர்த்த புண்ணியத்தைச் செலவழிக்க வேண்டிய வாரத்தில் கதவு சாத்தியிருந்தது. கையேடு அந்த வாரத்தில் பிறந்தது.

முதலில் இடம். கூடத்தில் ஒரு சுவரில் சுரூப மேடை இருக்கும்: இருதய ஆண்டவர் படம், அதன் தலைமேல் சிவப்பு ஜீரோ வாட் பல்பு, வேளாங்கண்ணி எண்ணெய் பாட்டில், போன வருடத்துக் குருத்தோலை. எதிர்ச் சுவரில் டிவி. டிவியில் பூசை பார்த்தால் ஆண்டவருக்கு முதுகு காட்ட வேண்டும். ஆண்டவரைப் பார்த்தால் சாமியாருக்கு முதுகு. பல குடும்பங்கள் இதில் முதல் ஞாயிறே பிளவுபட்டன. பரிந்துரைக்கப்படும் தீர்வு, செல்போனை லூர்து மாதா சுரூபத்தில் சாய்த்து வைப்பது. மாதா பொறுமைசாலி.

கட்டிலில் படுத்தபடி பூசை பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் தருகிறேன். அசிசி நகரத்து புனித கிளாரா நோயில் படுத்திருந்தபோது, போக முடியாத கிறிஸ்துமஸ் பூசை அவர் இருந்த அறையிலேயே தெரிந்தது, கேட்டது என்பது மரபு. இதை வைத்தே பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி ஆக்கினார். 1253-ல் இறந்த ஒரு பெண்மணி டிவிக்குப் பாதுகாவலி ஆனதில் உங்களுக்கு வியப்பு இருக்கலாம். ஆனால் கவனியுங்கள்: கிளாரா எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தார். அவர் கையில் காபி இருந்ததாக எந்த வரலாற்றிலும் இல்லை.

அடுத்து நேரம். கோவிலில் பூசை நேரத்துக்கு நாம் போனோம். இப்போது நம் நேரத்துக்குப் பூசை வரும். காலை எழுந்ததும் மாதா டிவி. தவறினால் வேளாங்கண்ணி. அதுவும் தவறினால் ரோமாபுரி. சொல்தா பென்ஷன் (பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம்) வாங்கும் வீடுகளில் பிரெஞ்சு சேனல்; அந்த நாட்டார் 1948 கிறிஸ்துமஸ் நள்ளிரவிலேயே பாரிஸ் நோத்ர்தாம் கோவில் பூசையை டிவியில் காட்டியவர்கள். அங்கே ஞாயிறு பகல் பதினொரு மணி என்றால் கோடையில் நமக்கு இரண்டரை. ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் முடித்து, வெற்றிலை போட்டு, 'பிரான்சில் இன்னும் பூசை ஆரம்பிக்கவில்லை' என்று நிம்மதியாகச் சாயலாம். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்ற ஒழுங்கு உங்களைக் கட்டாது, ஏனென்றால் நன்மையே இல்லை. இந்த இடம் உங்களுக்குச் சுருக்கென்று பட்டால் மேலே படியுங்கள். படாவிட்டால் பிரசங்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவது எப்படி என்பதை வீட்டுப் பிள்ளைகள் சொல்லித் தருவார்கள், கையேட்டை மூடிவிடலாம்.

பெரிய வியாழன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதம் கழுவும் சடங்கை அந்த வருடம் விட்டுவிடும்படி மார்ச் 25 தேதியிட்ட ஆணையில் வத்திக்கான் சொன்னது. ஆட்களே இல்லாத கோவிலில் யார் காலைக் கழுவுவது? ஆனால் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். கோவிலில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பதற்கு நடக்கும் போட்டி, போன வருடம் உட்கார்ந்தவரே இந்த வருடமும் உட்காருகிறார் என்ற புகார், முந்தின நாளே சோப்புப் போட்டு, நகம் வெட்டி, பவுடர் பூசித் தயாராக வரும் பாதங்கள், இவை எதுவும் இல்லாமல் அந்தச் சடங்கைச் செய்ய ஓர் அரிய வாய்ப்பு. செய்முறை சுலபம். ஒரு தாம்பாளம், ஒரு சொம்பு தண்ணீர், ஒரு துண்டு. மாமியார் குனிய வேண்டும்; மருமகள் நாற்காலியில் உட்கார வேண்டும். அல்லது குடும்பத் தலைவர் குனிந்து, வருடம் முழுக்க அவர் சட்டையைத் துவைத்தவரின் காலைக் கழுவ வேண்டும். உப்பளத்தில் எத்தனை வீடுகளில் இது நடந்தது என்று கணக்கெடுக்கும் தைரியம் எனக்கு இல்லை. தாம்பாளம் வெளியே வந்த வீடுகளில் அதில் பலாப்பழம் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

வீட்டுப் பூசை உண்மையான பூசை மாதிரியே இருக்க வேண்டும் என்று விரும்புவோர், பங்கில் உள்ள மற்ற அம்சங்களையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சோபாவின் வலது ஓரத்தைப் பெரியவருக்கென்று ஒதுக்குங்கள். தெரியாமல் யாராவது உட்கார்ந்தால் பெரியவர் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமட்டும். பிரசங்கம் முடிந்ததும் அறிக்கை படியுங்கள்: பால் கணக்கு, கேஸ் சிலிண்டர், மாடிக் குழாய் ஒழுகுவது, இதற்கு நன்கொடை தந்தோர் பெயர்ப் பட்டியல். காணிக்கை எடுங்கள். பிறகு 'கட்டட நிதிக்காக' இன்னொரு முறை எடுங்கள். பாடல் எந்த ஸ்ருதியில் என்று அண்ணனும் தங்கையும் சண்டை போடட்டும். கீபோர்டு வைத்திருப்பவன் கோபித்துக்கொண்டு பின் அறைக்குப் போகட்டும். வாங்கிக் கொடுத்த ட்யூப்லைட்டில் உங்கள் பெயரை, வெளிச்சம் மறையும் அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் திருவிழாக் கமிட்டி வேண்டும். கொடியேற்றத்துக்கு யார் உபயம், தேரை முதலில் யார் தொடுவது, பத்திரிகையில் யார் பெயர் மேலே. நாலு பேர் உள்ள வீட்டில் இரண்டு கோஷ்டி அமைப்பது சிரமமில்லை.

இவ்வளவு பாடுபட்டும் ஏதோ குறையும். பாட்டு இருக்கிறது, சாமியார் திரையில் இருக்கிறார், செபங்கள் அதே செபங்கள். பிறகு மெல்லப் புரியும். வீட்டுக்குள் உங்களுக்கு வேண்டாதவர் ஒருவரும் இல்லை. கோவிலில் உங்கள் பெஞ்சில் இன்னார்தான் உட்கார வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. வட்டிக்குக் கொடுத்தவர் முன்னால் இருப்பார், வாங்கியவர் பின்னால் இருப்பார். மீன் விற்றுவிட்டு நேரே வந்தவர் இருப்பார். அவர் வேர்வையும் உங்கள் சென்ட்டும் ஒரே ஃபேனுக்குக் கீழே. அத்தனை பேரும் ஒரே வரிசையில் வந்து, ஒரே அளவு அப்பத்தை, ஒரே மாதிரி கை நீட்டி வாங்க வேண்டும். வேறு எந்த இடத்திலும் இந்த ஊர் அப்படி ஒரு வரிசையில் நிற்பதில்லை. மதுக்கடை விதிவிலக்கு. அந்த வரிசையை அரசாங்கம் எங்களுக்கு முதலில் திருப்பிக் கொடுத்தது என்பதையும் பதிவு செய்கிறேன்: 2020-ல் புதுச்சேரியில் மதுக்கடைகள் திறந்தது மே 25, வழிபாட்டுத் தலங்களைத் திறக்க மத்திய அரசு அனுமதித்தது ஜூன் 8 முதல்.

ஒரே வரிசை என்று நான் சொல்வதைக் கேட்டு, ஊர் வரலாறு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பழைய சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள். இன்னொரு பக்கம் ஒடுக்கப்பட்டவர்கள். 1745 அக்டோபரில் அந்தச் சுவர் இடிக்கப்பட்ட கதையை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிள்ளை கிறிஸ்தவர் அல்ல; கோவில் சண்டையை வெளியிலிருந்து பார்த்து எழுதியவர். நாமும் கிறிஸ்தவர்கள்தானே, நமக்கும் அவர்களுக்கும் நடுவில் எதற்குச் சுவர் என்று ஒடுக்கப்பட்ட மக்கள் கேட்டார்கள். சாமியார் சுவரை இடிக்கச் சொன்னார். உடனே மறுபக்கத்தில் ரகளை. விஷயம் கவர்னர் துய்ப்ளெக்ஸ் காது வரை போனது. இடித்த சுவர்கள் வேறு வேறு உருவத்தில் தமிழ்நாடு முழுக்க மறுபடி முளைத்தன. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் சுவர் போதாதென்று, ஒரு பீடத்துக்கு இரண்டு கால் வைத்தமாதிரி கோவிலையே கட்டினார்கள். நடுவே இருந்த தடுப்பை எடுக்க 1910 வரை ஆனது. ஆக, கோவில் எதற்காக இருக்கிறது என்பது சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பக்கம் நின்றவர்கள் கோவிலுக்குள்ளேயே, வீட்டில் இருப்பதுபோலத்தான் இருந்திருக்கிறார்கள்.

வீட்டில் நடந்தால் மட்டும் தப்பா, ஆதி கிறிஸ்தவர்களே வீடுகளில்தானே கூடினார்கள் என்று வேதம் படித்தவர் ஒருவர் கை தூக்குவார். உண்மை. கொரிந்து பட்டணத்தில் அப்படித்தான் கூடினார்கள். வசதியுள்ளவர்கள் சீக்கிரம் வந்து சாப்பிட்டுக் குடித்து மயங்கினார்கள். வேலை முடித்துப் பொழுது சாய்ந்து வந்த ஏழைகளுக்கு வெறும் பாத்திரம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பதினோராம் அதிகாரத்தில் அந்த வசதியுள்ளவர்களுக்கு விழுந்த திட்டு இன்றைக்கும் படிக்கத்தக்கது. நீங்கள் கூடுவதில் நன்மையை விடத் தீமைதான் அதிகம் என்கிற மாதிரி எழுதுகிறார். ஓடு வேய்ந்த வீடா கோபுரம் வைத்த கோவிலா என்பது அவர் பிரச்சினையாகவே இல்லை. கடைசியில் வந்தவனுக்குச் சோறு இருந்ததா?

நீண்டகாலம் கோவிலை விட்டு இருக்க நேர்பவர்களுக்கு மேம்பட்ட பயிற்சி தேவை. இதில் ஆசான்கள் யாழ்ப்பாணத்தார். 1658-ல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை, சாமியார்களுக்கும் தடை. 1687-ல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைப் பார்த்து எந்த வீட்டார் கண் கலங்குகிறதோ அது நம் வீடு. ஏறக்குறைய முப்பது வருடம் பூசை இல்லாத மக்கள், மாலையை மறக்கவில்லை. 2015 ஜனவரியில் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அந்த வாசல்களில் நின்று அடையாளம் காட்டிய பெண்களுக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை.

அதைவிட நீண்ட பயிற்சி ஜப்பானில். அங்கே இருநூறு வருடத்துக்கு மேல் சாமியார் இல்லை. நாகசாகிப் பக்கத்துக் கிராமங்களில் ஒருவர் திருமுழுக்குக் கொடுப்பார், ஒருவர் திருநாள்களின் நாட்காட்டியைக் காப்பாற்றுவார், அவ்வளவுதான் அமைப்பு. 1865 மார்ச் 17-ந் தேதி நாகசாகியில் புதிதாகக் கட்டிய கோவிலுக்கு அவர்களில் சிலர் வந்து, மாதா சுரூபம் எங்கே என்று சாமியாரிடம் கேட்டார்கள். சாமியார் பெயர் பெத்திழான்; பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்தவர். சேசு சபை கலைக்கப்பட்ட பிறகு, 1776-ல் நம் புதுச்சேரி மிஷனை எடுத்து நடத்தியதும் அதே சபைதான். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அவர்களின் பக்தி மட்டுமல்ல. இருநூறு வருடம் வீட்டிலேயே சமாளித்தவர்கள், 'எங்களுக்கு இது பழகிவிட்டது, வீடே வசதி' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிறிஸ்தவம் அப்போதும் தடை செய்யப்பட்ட மதம், பிடிபட்டால் தண்டனை. பிறகு பிடிபட்டும் விட்டார்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரை விட்டுத் துரத்தப்பட்டார்கள். தெரிந்தே வந்தார்கள். நமக்கு இரண்டரை மாதத்தில் வீட்டுப் பூசை பழகிவிட்டது.

இனி, கருவிகள் ஏதும் இல்லாத நிலை. இதற்கு ஒத்திகை 2024-ல் நடந்தது. நவம்பர் 30 சனி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது; ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. விடிந்தால் டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர், ராணுவம் படகோடு வந்தது. மின்சாரம் இல்லை, ஆகவே டிவி இல்லை. டவர் போனதும் செல்போன் பூசையும் போனது. புனித கிளாராவாலும் ஒன்றும் செய்ய முடியாத நிலைமை.

அந்த நாளுக்கான செய்முறை: மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்லவும். ஆயா தலைமுறை ஐம்பத்து மூன்று மணியையும் பிரார்த்தனையையும் புத்தகம் இல்லாமல் சொல்லும். பேரன் தலைமுறை அருள் நிறைந்த மரியே தாண்டினால் தடுமாறும். தடுமாறுகிறவர் ஆயாவுக்குப் பின்னால் சொல்லவும். முடிந்ததும் சமையல். கேஸ் அடுப்பு எரியும் வீட்டில் அரிசியைக் கூடுதலாகப் போட்டு, தண்ணீர் புகுந்த வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் அனுப்பவும். அந்த வீட்டில் பிள்ளையார் படம் மாட்டியிருந்தால் சோறு செல்லுமா என்று சந்தேகம் கேட்க வேண்டாம். பவர் பேங்க் இருப்பவர் நாலு வீட்டுப் போனுக்குச் சார்ஜ் போட்டுத் தரவும். இதையெல்லாம் வழிபாட்டில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் 2-ம் நூற்றாண்டுக்குப் போகலாம். புனித ஜஸ்டின் ரோமாபுரியில் ஞாயிறு வழிபாடு எப்படி நடந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். வாசகம், பிரசங்கம், மன்றாட்டு, அப்பம், ரசம், எல்லாம் நமக்குத் தெரிந்த வரிசைதான். கடைசியில் இரண்டு செய்தி வருகிறது. வர முடியாதவர்களுக்கு அப்பத்தைத் திருத்தொண்டர்கள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். காணிக்கையாக வந்ததை வைத்து அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். ட்யூப்லைட் பற்றி அவர் எழுதவில்லை.

இன்றைக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சாமியார் நன்மை கொண்டுவரும் வழக்கம் நம் பங்குகளில் இருக்கிறது. ஒரு மேசை, வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, ஒரு கிளாஸ் தண்ணீர். எத்தனை ஆயிரம் பேர் பார்க்கும் நேரலையும் இந்த ஐந்து நிமிட வருகைக்கு ஈடாகாது என்பது என் கட்சி. காரணம், ஒருவர் படியேறி வருகிறார். கர்தினால் ராபர்ட் சாராவும் 2020 ஆகஸ்டில் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், எந்த ஒளிபரப்பும் நேரில் பங்குகொள்வதற்கு நிகராகாது என்றுதான் சொன்னார். அவர் மேலேயிருந்து சொன்னதைப் படுக்கையில் கிடக்கும் எந்தப் பாட்டியும் கீழேயிருந்து சொல்லுவார், இன்னும் சுருக்கமாக: 'சாமி வந்தாரா?'

கடைசியாக, திரும்பிப் போவது. கால் கூடிவிட்டது, தண்ணீர் வடிந்துவிட்டது, பூட்டுத் திறந்துவிட்டது. பசிலிக்காவின் இருபத்தெட்டு வண்ணக் கண்ணாடிகளிலும் புனிதர்கள் அவரவர் இடத்தில் இருப்பார்கள். உங்கள் இடத்தில் மட்டும் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். தொண்டையைச் செரும வேண்டாம். பின்னால் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போய் உட்காரவும். பிரசங்கத்தை வேகமாக ஓட்ட விரல் தானாக நகரும். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவும். சுற்றிப் பார்த்து யார் வரவில்லை என்று எண்ணவும். வந்தவர்களின் உடையைப் பற்றிக் குறிப்பெடுப்பதைப் பழையபடி பூசை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சமாதானம் சொல்லும் கட்டம் வரும்போது எச்சரிக்கை தேவை. வலது பக்கம் திரும்பினால், மூன்று வருடத்துக்கு முன் கொடியேற்ற விவகாரத்தில் உங்களோடு பேச்சை நிறுத்தியவர் நிற்க வாய்ப்பு இருக்கிறது. இடது பக்கம் தூண். தூணுக்குச் சமாதானம் சொல்ல வழிபாட்டு ஒழுங்கில் இடமில்லை. கைகூப்பவும். யார் முதலில் கூப்புவது என்று தயக்கம் வந்தால் வயதில் மூத்தவர் முதலில். வயதும் ஒன்று என்றால், அந்தக் கொடியேற்றத்துக்கு அதிக உபயம் கொடுத்தவர் முதலில்; ரசீது கமிட்டியிடம் இருக்கும்.